இடிக்க வந்தவள்

"நான் ஆர்க்கிடெக்ட்" என்று புருல் சொன்ன மாத்திரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. ஹலிமா மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்தபடி நின்றாள். சந்தையில் அஷ்லான்-ஃபூ விற்கிறவள். புளிப்பும் காரமுமாக அவள் செய்கிற அந்தக் குளிர்ந்த நூடுல்ஸுக்காக ஏரியின் அக்கரையிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அவளுக்குப் பின்னால், முற்றத்தில், அவளுடைய மருமகள் பெரிய கம்பளம் ஒன்றைப் புதுச் சுவரின் மேல் அவசர அவசரமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் தூறலில் கம்பளத்தை யாராவது வெளியே போடுவார்களா என்று புருலுக்குத் தோன்றியது. முதல் சந்திப்பில் அதையெல்லாம் கேட்பது அழகில்லை என்று விட்டுவிட்டாள்.

"உள்ள வாங்க, முதல்ல டீ குடிங்க. பேச்சு எங்க ஓடிப்போகப் போகுது?" என்றாள் ஹலிமா.

புருல் வந்த காரியம் சின்னது. தெருக்கோடியில் இருக்கிற காலி மனையில் குழந்தைகள் பள்ளி ஒன்று கட்டப்போகிறார்கள். யார் போட்ட படத்தின்படி கட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிக் கை தூக்கும். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், என்ன மாதிரிப் பள்ளி வேண்டும் என்று கேட்கலாம் என்று கிளம்பியிருந்தாள். ஆனால் "ஞாயித்துக்கிழமை..." என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம் ஹலிமா குறுக்கே புகுந்தாள். "எனக்குத் தெரியும்மா, எல்லாம் பேசித் தீத்துக்கலாம்." பொரித்த ரொட்டி வந்தது. பாலாடை வந்தது. தட்டு காலியாவதற்குள் மறுபடி நிறைந்தது. எழுந்தபோது ஆப்ரிகாட் ஜாம் பாட்டில் ஒன்றைக் கையில் திணித்து, "சின்ன விஷயம். பெரிசாக்க வேண்டாம்" என்றாள் ஹலிமா, கண்ணைப் பார்க்காமல்.

பக்கத்து வீட்டிலும் அப்படியே. எதிர் வரிசையில், தெருத் தலைவர் ஓமுர்பெக்கின் வீட்டில், காலைக் கட்டின ஒரு கோழியே கிடைத்தது. "முட்டை போடுற கோழி. நீங்களே வச்சுக்கோங்க. மேல யாருக்கும் சொல்ல வேணாம்."

புருல் கோழியும் ஜாமுமாகத் தெருவில் நடந்தபோது மழை விட்டிருந்தது. நெஞ்சு நிறைந்திருந்தது அவளுக்கு. தலைநகரில் பெரிய கம்பெனி ஒன்றில் கடைவளாகங்களுக்குக் கண்ணாடி முகப்பு வரைந்து சில வருடங்கள் கழித்தவள். அங்கே வாடிக்கையாளர்களின் பார்வை அவள் தோளுக்கு மேலாகப் போய், பின்னால் இருக்கிற முதலாளியிடம்தான் நிற்கும். இங்கே பார், தன் ஊரில், பெயர்கூடக் கேட்காமல் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். இத்தனை நாள் எதற்காக வெளியே அலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடை மாடியில் அவர்களுடைய அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரே அறை, இரண்டு மேஜை. ஒன்றில் ஜிபெக் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியிலிருந்து கூட வருகிற சிநேகிதி, இப்போது கூட்டாளி.

"இது என்னடி?"

"கோழி."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்குன்னு கேட்டேன்."

"மரியாதை. நம்ம ஊர்ல ஆர்க்கிடெக்ட்னா என்ன மதிப்பு தெரியுமா ஜிபெக்? வாயத் தெறந்து சொன்னதும் உள்ள கூட்டிட்டுப் போய்..."

ஜிபெக் கோழியைப் பார்த்தாள், ஜாமைப் பார்த்தாள், மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று புருல் பயந்தே போனாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வழிந்தது. சிரிப்பு.

"அடி மக்கு! மரியாதை இல்லடி, லஞ்சம்! அந்தத் தெருவுல ஒரு வீடாவது அனுமதி வாங்கின அளவோட நிக்குதா? பின்னால ஒரு ரூம், முன்னால ஒரு கடைன்னு ஆளாளுக்கு இழுத்துக் கட்டியிருக்காங்க. அளந்து பாத்து இடிக்கச் சொல்ற ஆபீசுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?"

"ஆர்கிதெக்தூரா."

"அங்கிருந்து வர்றவன் யாரு?"

பதிலைக் கோழி சொல்லிற்று, அதன் பாஷையில்.

எப்படி மறந்துபோனாள்? 'ஆர்க்கிடெக்ட் வந்திருக்கான்' என்றால் சின்ன வயதில் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அளவு நாடாவோடு வருவான், சுவரில் குறி போடுவான், போய்விடுவான். அவள் படிக்கப் போன இடத்தில் அந்தச் சொல்லுக்குப் புது அர்த்தம் கிடைத்தது. பழைய அர்த்தம் எங்கேயும் போகாமல் ஊரிலேயே இருந்திருக்கிறது.

வெட்கத்தைவிட இன்னொன்று அவளைக் குடைந்தது. அந்த உபசாரம் அவளுக்குப் பிடித்திருந்தது. பயந்துகொண்டு ஊற்றுகிற தேநீரும் மதித்து ஊற்றுகிற தேநீரும் குடிக்கிறவள் வாயில் ஒரே ருசியாகத்தான் இருக்கிறது. வித்தியாசம் தெரியாமல் மூன்று கோப்பை குடித்திருக்கிறாளே!

"சிரிச்சாச்சு. இப்பக் கேளு" என்றாள் ஜிபெக், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தொக்தோசுன் அவன் படத்தச் சும்மா குடுக்கறானாம். கட்டற வேலைய மட்டும் குடுத்தாப் போதுமாம்."

தொக்தோசுன் அந்த வட்டாரத்துக் கட்டட மேஸ்திரி. நல்ல வேலைக்காரர், நல்ல வாயாடி.

"அது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிப் படம்டி" என்றாள் புருல். "கதவ மட்டும் மாத்தியிருக்காரு. பிணவறை இருந்த எடத்துல பிள்ளைங்க தூங்குற ரூம்."

"யாருக்குத் தெரியும் அது? சும்மா குடுக்கறான், அவ்வளவுதான் ஜனங்களுக்கு. புருல், நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். நாம இதுவரைக்கும் கட்டினது ஒரே ஒரு கல்லறை. செத்தவர் குறை சொல்லல, அதுதான் நம்ம பெருமை. ஞாயித்துக்கிழமை அவங்க அவனுக்குக் கை தூக்கினா, திங்கக்கிழமை நான் தலைநகர் பஸ்ஸுல இருப்பேன். நீயும் வா. கண்ணாடி முகப்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

சொன்னால் செய்கிறவள் ஜிபெக். அவள் இல்லாமல் வாடகைகூட நிற்காது.

கூட்டத்துக்காக ஜிபெக் பெரிய திரையில் காட்டுகிற மாதிரி ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தாள். 'வெளியும் அடையாளமும்' என்று ஆரம்பிக்கும். புருல் அதை ஓட்டிப் பார்த்தாள். ஹலிமா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்தாள். மூன்றாவது வரியிலேயே ஹலிமா இன்னொரு ஜாம் பாட்டிலைத் தேடி எழுந்துபோய்விட்டாள்.

கோழியை அன்று சாயங்காலமே ஜிபெக் ஓமுர்பெக்கின் வேலிக்கு மேலாக இறக்கிவிட்டு ஓடி வந்துவிட்டாள். ஜாம்தான் சிக்கல். பேசிக்கொண்டே இருவரும் ரொட்டியில் தடவித் தடவிப் பாதியைத் தீர்த்திருந்தார்கள். பாதி பாட்டிலை எந்த முகத்தோடு திருப்பித் தருவது என்று மீதியையும் தீர்த்தார்கள். ஆனால் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். புருலுக்குச் சமைக்க வராது. அவள் வேகவைத்த முட்டையைக்கூட அவள் அம்மா பூனைக்கு வைக்க யோசிப்பாள்.

மறுநாள் வேறு வழி தோன்றாமல் வெறும் பாட்டிலையே கழுவி எடுத்துக்கொண்டு போனபோது ஹலிமா சந்தைக்குப் போயிருந்தாள். மருமகள் மட்டும் இருந்தாள். புருலைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாட்டிலை வாங்கிச் சமையலறைக்குள் போனவளின் பின்னாலேயே புருலும் போனாள்.

பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நொடியில் புருலுக்குப் புரிந்துவிட்டது. கம்பளம் போட்டு மூடினார்களே, அந்தப் புது அறையைத் தெற்குப் பக்கமாக ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். சமையலறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு ஹலிமா இந்தக் குகையில்தான் மாவு பிசைகிறாள், நூல் நூலாக இழுக்கிறாள், நூடுல்ஸோடு சேர்க்கிற மாவுக்கஞ்சியை உறைய வைக்கிறாள். ஆனால் புது அறையின் கூரை தாழ்வு. அதற்கு மேலே, சமையலறைச் சுவரில், ஒரு ஜன்னலுக்கு வேண்டிய இடம் சும்மா கிடக்கிறது.

அவள் கை தானாகவே சட்டைப் பைக்குள் போனது. சுண்ணக்கட்டி இல்லாமல் அவள் வெளியே கிளம்புவதே இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரின் மேல்பக்கம் அழகாக ஒரு சதுரம் வரைந்தாள். உண்மையான அளவு. இறங்கி நின்று பார்த்தாள். மனசில் அதன் வழியாக வெயில் வந்து அடுப்பின்மேல் விழுந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மருமகளின் முகத்தைப் பார்க்க மறந்துபோனாள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஜிபெக் அவசரமாகக் கூப்பிட, கிளம்புகிற வேகத்தில், "அத்தைகிட்டச் சொல்லு, ஜாமுக்குப் பதில் இது" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் ஓமுர்பெக்கிடமிருந்து போன் வந்தது. "உடனே ஹலிமா வீட்டுக்கு வாங்க" என்றார். குரல் நன்றாக இல்லை.

முற்றம் முழுக்க ஆட்கள். புருலுக்கு வழி விட்டார்கள், ஆனால் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. சமையலறைக்குள் காரை மண் குவிந்து கிடந்தது. தொக்தோசுன் கையில் சம்மட்டி. சுவரில், அவள் வரைந்த சதுரம் இருந்த இடத்தில், வானம்.

"உத்தரவுப்படி இடிச்சாச்சு" என்றாள் ஹலிமா. இடுப்பில் இரண்டு கையும். "போட்ட கோட்டுக்கு ஒரு விரக்கடை கூடல, ஒரு விரக்கடை குறையல. வேணும்னா அளந்துக்கோ. ஆனா மிச்சத்தத் தொட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"நான் எங்கக்கா இடிக்கச் சொன்னேன்?"

"குறி போட்டியே, அது கோலமா? ஜாம் பத்தலன்னா வாய விட்டுக் கேக்கறது. இன்னும் ரெண்டு பாட்டில் குடுத்திருப்பேன். 'ஜாமுக்குப் பதில் இது'ன்னு சின்னப் பொண்ண மிரட்டிட்டுப் போயிருக்கே!"

புருல் வாயைத் திறந்தாள். ஆனால் கண் மேலே போய்விட்டது. ஓட்டைக்கு மேல் இருந்த சுடாத மண்கல் வரிசை, கீழே ஒன்றும் இல்லாமல், பழக்கத்தினால் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க! உடனே!"

"பாத்தீங்களா, வீட்டையே காலி பண்ணச் சொல்றா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தொக்தோசுன் அண்ணே, மேல தாங்குக்கட்டை வைக்காமயா இடிச்சீங்க?"

"இடிக்கச் சொன்ன சுவத்துக்கு எவனாவது தாங்கு குடுப்பானா? கேள்வியப் பாரு!" என்றார் தொக்தோசுன். ஆனாலும் அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது. சம்மட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். இரண்டு பேரோடு உத்தரக் கட்டை ஒன்றைத் தூக்கி வந்தார். புருல் முக்காலியில் ஏறி நின்று, "இன்னும் இடது பக்கம்... போதும்... அடியில ஆப்பு வைங்க" என்று கத்த, அவர் முனகிக்கொண்டே செய்தார். ஒரே ஒரு கல் மட்டும் விழுந்தது, அதுவும் மாவுச் சட்டிக்குள்.

முட்டு நின்றது. புருல் இறங்கி வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். கேட்காமல் கோடு போட்டது யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நகர அலுவலகத்துக்காரனும் கேட்பதில்லை, அவளும் கேட்கவில்லை. சதுரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? விழுந்த கல் மாவில் விழாமல் அந்த மருமகளின் தலையில் விழுந்திருந்தால்?

"ஐயோ!" என்று உள்ளேயிருந்து ஒரு அலறல்.

எல்லாரும் பாய்ந்து ஓடினார்கள். சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. மேகம் விலகி, ஓட்டை வழியாக வெயில் சரிந்து, நேராக அடுப்பின்மேல் விழுந்திருந்தது. அதன் முன்னால் ஹலிமா நெஞ்சில் கையை வைத்து நின்றாள்.

"இவ்வளவு கரியா? இதுலயா நான் சமைச்சேன்? ஊர் பூரா சாப்பிட்டுதே!"

"எங்களுக்கு அப்பவே தெரியும் ஹலிமா அக்கா, ருசிக்காகப் பேசாம இருந்தோம்" என்றார் ஓமுர்பெக்.

ஹலிமா அவரைத் திட்டவில்லை. உறைய வைத்திருந்த கஞ்சிக் கட்டியைக் கிண்ணத்தோடு எடுத்து வெயிலில் பிடித்தாள். கண்ணாடி வழியே போவதுபோல் ஒளி அதற்குள் போய் வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

"இது என்னது?" என்றாள், ஓட்டையைக் காட்டி. குரல் இறங்கியிருந்தது.

"ஜன்னல்க்கா. அப்படி ஒண்ணு வைக்கலாம்னு காட்டத்தான் வரைஞ்சேன். ஜாமத் தின்னுட்டோம். வெறும் பாட்டில எப்படித் தர்றதுன்னு தெரியல. கேக்காம வரைஞ்சது என் தப்பு."

"அப்ப நீ ஆர்கிதெக்தூரா இல்லியா?"

"இல்லக்கா. இடிக்கறது அவங்க. நான் கட்டறதுக்கு முன்னால யோசிக்கறவ."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? கோழிக்காவது அலைச்சல் மிச்சமாயிருக்கும்" என்றார் ஓமுர்பெக். முதலில் சிரித்தது மருமகள்தான். பிறகு முற்றமே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓமுர்பெக் வீட்டுத் தோட்டத்தில் கூட்டம். ஆப்ரிகாட் பூத்திருந்தது. தொக்தோசுன் தன் படத்தை மேஜைமேல் விரித்து, "சும்மா குடுக்கறேன். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று உட்கார்ந்துவிட்டார். ஜிபெக் கணினியைத் திறந்தாள். 'வெளியும் அடையாளமும்' என்று எழுத்து வந்தது.

"மூடும்மா அத" என்று ஹலிமா எழுந்தாள். "நீங்க பேசினா காரியம் கெட்டுடும். நான் சொல்றேன்."

சொன்னாள். சந்தையில் கூவிப் பழகின தொண்டை. ஜன்னல் வந்ததிலிருந்து மாவு பிசகுவதே இல்லையாம். நூடுல்ஸ் வெள்ளை வெளேரென்று வருகிறதாம். மருமகள் பாடுகிறாளாம். மின்சாரம் மிச்சமாம். போன குளிர்காலத்திலிருந்து இருந்த முழங்கால் வலிகூடப் போய்விட்டதாம். "இந்தப் பொண்ணு ஒரு கோடு போட்டதுக்கே இப்படின்னா, ஒரு பள்ளிக்கூடம் முழுக்கக் கோடு போட்டா என்ன ஆகும்? அதுல பிள்ளைங்களுக்கு ஒரு தும்மல் வருமா? நீங்களே சொல்லுங்க!"

தலைகள் ஆடின. ஜிபெக் மேஜைக்கு அடியில் புருலின் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே, இப்படியே போகட்டும் என்று அர்த்தம்.

புருல் பேசாமல்தான் இருந்தாள். இவ்வளவு நாள் ஏங்கினது இதற்குத்தானே. தன் தெருவில், தன் பெயரைச் சொல்லி, ஒருத்தி புகழ்கிறாள். ஆனால் ஹலிமா புகழ்ந்த அந்தப் பெண் வேறு யாரோ, மந்திரம் போடுகிறவள். முதல் தடவை பயந்தது இல்லாத ஒருத்தியைக் கண்டு. இப்போது நம்புவதும் இல்லாத ஒருத்தியை. நாளைக்கு முதல் குழந்தை தும்மும்போது இந்தத் தெரு யாரைத் தேடும்?

"முழங்காலுக்கு நான் பொறுப்பில்லக்கா" என்று எழுந்தாள். ஜிபெக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் போட்ட படத்துலயும் குளிரும். வடகிழக்கு மூலையில, ஜனவரிக் காலையில, கண்டிப்பாக் குளிரும். மனை அப்படி. யார் கட்டினாலும் அந்த மூலை குளிரத்தான் செய்யும்."

"என் கட்டடத்துல குளிரே வராது!" என்றார் தொக்தோசுன்.

"உன் வீட்டுலயே வருதேய்யா. உன் பொண்டாட்டி எங்க வீட்டு அடுப்படியிலதான் உக்காந்திருக்கா" என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்கினதும் ஓமுர்பெக் கேட்டார். "குளிரும்னு தெரிஞ்சா அத எதுக்கும்மா கட்டணும்?"

"தெரிஞ்சதாலதான் அந்த மூலையில பூட்ஸ் கழட்டற எடம் வச்சிருக்கேன். அங்க யாரும் நின்னு பேச மாட்டாங்க. பிள்ளைங்க தூங்கறது தெற்குப் பக்கம். அண்ணன் படத்துல அவங்க தூங்கறது அந்த மூலையில. அது தப்பான படம் இல்ல, ஆஸ்பத்திரிப் படம். அங்க அந்த ரூம்ல வச்சிருந்தவங்களுக்குக் குளிர் வேண்டித்தான் இருந்தது."

ஒருத்தி, "ஐயோ தொக்தோசுன்!" என்று வாயில் கை வைத்தாள். தொக்தோசுன் தன் படத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். காது சிவந்தது. மடித்து வைத்துக்கொண்டார்.

"பாக்கல நான்" என்றார். "சுவரத்தான் எண்ணினேன். உள்ள யாரு படுப்பான்னு பாக்கல." அப்புறம், தோற்றவர் மாதிரி இல்லாமல், பேரம் பேசுகிறவர் மாதிரி நிமிர்ந்தார். "சரி, அவ படமே இருக்கட்டும். கட்டறது நான். ஆனா ஒண்ணு. கோட்டப் போட்டுட்டு ஓடிடற வேலை ஆகாது. அன்னிக்கு ஓடினதாலதான் நான் முட்டு இல்லாம இடிச்சேன். மண்ணு வெட்டறதுல இருந்து கூரை வேயற வரைக்கும் இவ எம் பக்கத்துல நிக்கணும். நான் திட்டுவேன், வாங்கிக்கணும்."

"நானும் திட்டுவேன்" என்றாள் புருல்.

"அது ஆகட்டும்."

கைகளைத் தூக்கினார்கள். ஓமுர்பெக் எண்ணப் பார்த்தார். சில பேர் இரண்டு கையையும் தூக்கியிருந்ததால் பாதியில் விட்டுவிட்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றார். ஜிபெக் கணினியை மூடி, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பா அழுகையா என்று புருலுக்குத் தெரியவில்லை.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டம் அப்படியே மனைக்கு நகர்ந்தது. சேறு, முட்செடி, யாரோ கட்டிவைத்த கழுதை. தொக்தோசுன் பூட்ஸால் தரையைத் தட்டி, "எங்க ஆரம்பிக்கறது? வாசல் எங்க?" என்று கேட்டார்.

புருல் படத்தில் வாசலைத் தெருவைப் பார்த்துத்தான் போட்டிருந்தாள். விரலை அந்தப் பக்கம் நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"காலையில பிள்ளைங்க எந்தப் பக்கத்துல இருந்து வருவாங்க?"

"வாய்க்கால் பக்கம்!" என்றாள் ஒருத்தி. "வாய்க்கால் பக்கம் நாய் இருக்கு, சந்து வழியாத்தான்" என்றாள் இன்னொருத்தி. சந்தில் பனி உருகினால் முழங்கால் அளவு தண்ணீர் என்றார் ஓமுர்பெக். அவருக்கு எப்படித் தெரியும், அவர் எந்தப் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறார் என்று ஹலிமா கேட்டாள். எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவிடுகிறவர்களும், சந்தைக்குப் போகிற வழியில் விடுகிறவர்களும், வண்டியில் வருகிறவர்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கழுதையும் சேர்ந்துகொண்டது. புருல் நடுவில் சேற்றில் நின்றாள். ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்கவில்லை அவளுக்கு. இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள், அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள். வாசல் அவள் மனசுக்குள் மெல்ல இடம் மாறத் தொடங்கியது.